காட்டோரப் புளோக்கில் மழைக்காலம்: நாய், பூனை, குரங்கு, காக்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில், ஓர் அடுக்குமாடிப் புளோக்கில், மூன்றாம் மாடி வீடு எங்களுடையது. சமையலறைச் சன்னலைத் திறந்தால் ஜெங்ஹுவா இயற்கைப் பூங்காவின் மரங்கள். வீட்டில் நானும் கணவரும், மாமியார், இரண்டு பிள்ளைகள், மணி என்ற கலப்பின நாய், புளி, குண்டம்மா என்று இரண்டு பூனைகள். நவம்பரில் மழை பிடித்துக்கொண்டதும் கேள்விகளும் பிடித்துக்கொள்ளும். ஊரிலிருந்து வரப்போகிற உறவினர், புளோக்குக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், அலுவலகத்தில் நாய் வளர்ப்பவர்கள், எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள். வாட்ஸ்அப்பில் தனித்தனியாகப் பதில் தட்டி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

"அங்க குளிர்காலம்னு ஒண்ணு இருக்கா? ஸ்வெட்டர் எடுத்துட்டு வரணுமா?"

கும்பகோணத்துச் சித்தி ஒவ்வொரு டிசம்பரும் கேட்பது. ஸ்வெட்டர் வேண்டாம் சித்தி, குடை வேண்டும். சிங்கப்பூரில் 19 டிகிரிக்குக் கீழே வெப்பநிலை இறங்கியதாகப் பதிவே இல்லை. நாங்கள் 'குளிர்காலம்' என்று செல்லமாகச் சொல்வது வடகிழக்குப் பருவமழையைத்தான். டிசம்பரிலும் ஜனவரியிலும் மழை. பிப்ரவரி முதல் மார்ச் தொடக்கம் வரை அதே காற்று, ஆனால் மழை குறைந்துவிடும்.

நடுவில் சில முறை வடக்கிலிருந்து குளிர்ந்த காற்று தள்ளிக்கொண்டு வரும். அப்போது இரண்டு மூன்று நாள் விடாமல் தூறும், வெப்பநிலை 22, 23 என்று நிற்கும். காற்றாடியை நிறுத்திவிட்டுப் போர்வை தேடுவோம். துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. புளி என் மடியைவிட்டு இறங்க மாட்டாள். எங்கள் மார்கழி அவ்வளவுதான்.

"கிராமமே இல்லாத ஊர்ல காட்டு மிருகம் எங்கேருந்து வருது?"

கிராமம் இருந்தது. இங்கே அதைக் கம்பம் என்போம். மாமியார் பிறந்தது செம்பவாங்கில், பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தையொட்டிய குடியிருப்பில். ஆடு, கோழி, வாசலில் முருங்கை, மழை பெய்தால் முற்றத்தில் முழங்கால் தண்ணீர் என்று அவர் சொல்லும் ஊர் இப்போது இல்லை. தீவின் பெருநிலத்தில் மிஞ்சியிருப்பது லோரோங் புவாங்கோக் கம்பம் ஒன்றுதான். அதைத் தவிர, சாங்கியிலிருந்து படகேறினால் புலாவ் உபின் தீவு.

கம்பம் போனாலும் காடு முழுதாகப் போய்விடவில்லை. எங்கள் பூங்காவுக்கு அந்தப் பக்கம் புக்கிட் தீமா விரைவுச்சாலை, சாலைக்கு அப்பால் பெரிய காடு. 1980களில் அந்தச் சாலை காட்டை இரண்டாகப் பிளந்தது. பிறகு, 2013ல், விலங்குகள் கடந்துபோக மட்டும் சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்தில் மண் கொட்டி மரம் நட்டு ஒரு பாலம் கட்டினார்கள். எறும்புதின்னியான அழுங்கும் மரநாயும் அதில் நடக்கின்றன. மனிதர்களுக்குத்தான் அனுமதி இல்லை. எனவே, 'வருது' என்று சொல்வதே சரியில்லை. அவை இங்கேயே இருக்கின்றன.

"இந்த மழையில நாயை எப்படி வெளியே கூட்டிட்டுப் போறது?"

மழைக்கு நடுவே கூட்டிக்கொண்டு போங்கள். மழை நிற்கட்டும் என்று காத்திருந்தால் நாள் போய்விடும். மணிக்கு மழைக்கோட்டு வாங்கினோம். போட்டதும் சிலை மாதிரி நின்றுவிட்டான், ஒரு காலைக்கூடத் தூக்கவில்லை. இப்போது கதவருகே ஒரு பழைய துண்டு, அவ்வளவுதான். வீட்டுக்குள் வந்ததும் விரலிடுக்கு ஒவ்வொன்றையும் பிரித்துத் துடையுங்கள். ஈரம் நின்றால் புண்ணாகும், நாய் நக்கி நக்கி அதைப் பெரிதாக்கும்.

தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சல் வரும். நாய்க்கு அதற்குத் தடுப்பூசி உண்டு, போட்டாயிற்றா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். காட்டோரம் நடக்கும்போது வாரைக் கையளவுக்குச் சுருட்டிப் பிடியுங்கள். அந்தி நேரத்தில் காட்டுப்பன்றி குட்டிகளோடு புல்வெளிக்கு வரும். குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் மட்டும் போய்விடாதீர்கள். நாயை இழுத்துக்கொண்டு மெதுவாகப் பின்வாங்குங்கள், ஓட வேண்டாம்.

"இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில போய் நடுங்குறான். என்ன பண்ண?"

இங்கே 1972 முதல் பட்டாசுக்குத் தடை. ஆகவே ஊர் நாய்களுக்குத் தீபாவளி எப்படியோ, எங்கள் நாய்களுக்கு இடி அப்படி. ஒரு ஆறுதல்: இடி மின்னல் அதிகம் பருவமழைக்கு முந்தைய அக்டோபர், நவம்பரிலும், அப்புறம் ஏப்ரல், மே மாதங்களிலும்தான். டிசம்பர் அடைமழை பெரும்பாலும் சத்தமில்லாமல் பெய்யும்.

கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்காதீர்கள். அது அவன் தேர்ந்தெடுத்த இடம். திரைச்சீலையை மூடி, ஏதாவது பாட்டைப் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள். எங்கள் மணி சுப்ரபாதத்துக்கு அடங்குவான். மாமியாருக்கு அதில் தனிப் பெருமை.

"பூனையைக் கொஞ்ச நேரம் தாழ்வாரத்துல விடலாமா? பாவம், உள்ளேயே அடைஞ்சு கிடக்கு."

வேண்டாம். 1989 முதல் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் பூனைக்கு அனுமதியே இல்லாமல் இருந்தது. ஒளித்து வளர்த்தவர்கள்தான் ஏராளம். 2024 செப்டம்பர் 1 முதல் ஒரு வீட்டுக்கு இரண்டு பூனை வரை வைத்துக்கொள்ளலாம் என்று விதி மாறியது. மைக்ரோசிப்பும் உரிமமும் வேண்டும். பூனை வெளியே போகாதபடி சன்னலுக்கும் வாயிற்கதவுக்கும் வலை போட வேண்டும்.

ஈரக்கைப்பிடிச் சுவரில் பூனை வழுக்கி விழுந்ததை எங்கள் புளோக்கிலேயே பார்த்திருக்கிறேன். ஐந்தாம் மாடி. பிழைத்தது, தாடை உடைந்து. அதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

"குரங்கு சன்னல் வழியா உள்ளே வந்துட்டா என்ன செய்யணும்?"

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பொங்கல் வாரம். சமையலறை மூலையில் கரும்பு, மேசைமேல் ஒரு சீப்பு வாழைப்பழம், பக்கத்தில் வெல்லம். சன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. நீண்டவால் குரங்கு ஒன்று அந்த ஒரு சாணில் உடம்பை மடக்கி உள்ளே வந்து, பழத்தைத் தொடாமல், வெல்லப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பிரித்தது. எனக்குப் பதற்றத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் நான் செய்த தப்பு. பல்லைக் காட்டினால் குரங்குக்கு அது சண்டைக்கு அழைப்பு. என்னைப் பார்த்து அதுவும் பல்லைக் காட்டியது. வீரன் மணி அதற்குள் மேசைக்கு அடியில்.

மாமியார்தான் சரியாகச் செய்தார். அடுப்பை அணைத்தார். சன்னலை முழுதாகத் திறந்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எடுத்துட்டுப் போ ராசா" என்று சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தார். வழி தெரிந்ததும் அது வெல்லத்தோடு போய்விட்டது. குரங்கை மூலையில் மடக்காதீர்கள், கையிலிருப்பதைப் பிடுங்காதீர்கள், கண்ணுக்குள் பார்க்காதீர்கள். பிள்ளைகளையும் நாயையும் வேறு அறைக்கு அனுப்புங்கள். போகவே இல்லையென்றால் நீளமான கட்டையால் தரையைத் தட்டலாம், குரங்கை அல்ல. நடைபாதையில் பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டுப் போவதும் ஆபத்து. உள்ளே சோப்பு இருந்தாலும் அதன் கணக்கில் பை என்றால் சாப்பாடு.

"காக்கைக்குச் சோறு வைக்கக் கூடாதாமே, நெசமா?"

நிஜம்தான். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே பாதி இந்தக் கேள்விக்காகத்தான். 2020 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கும் வனவிலங்குச் சட்டப்படி, சிங்கப்பூரில் எந்த இடத்திலும் காட்டுயிருக்கு உணவு கொடுப்பது குற்றம். முதல் முறை 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், மறுபடியும் செய்தால் 10,000 வரை. புறா, மைனா, காக்கை, குரங்கு, பன்றி எல்லாம் இதில் அடக்கம். 'என் வீட்டுச் சன்னல் விளிம்புதானே' என்பது செல்லாது.

மாமியாருக்கு இதைச் சொன்ன நாள் மறக்காது. செம்பவாங்கில் குட்டிச்சுவர்மேல் வைத்தவர், வீவக வீட்டுக்கு வந்தபின் சன்னல் விளிம்பில் வைத்தவர். அமாவாசை தவறியதே இல்லை. "எங்கப்பாவுக்கு வைக்கிறேன். அப்பாவுக்குச் சோறு போட்டா அபராதமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. சட்டத்தின் காரணத்தை எடுத்துச் சொல்வது சுலபம். ஒரு வீட்டில் வைத்தால் நாலு காக்கை, பத்து வீட்டில் வைத்தால் கூட்டம். குஞ்சு பொரிக்கும் பருவத்தில் அது நடந்துபோகிறவர் தலையைக் கொத்தும். மீந்த சோற்றுக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். மனிதன் கையில் சாப்பிட்டுப் பழகிய குரங்குதான் சன்னல் வழியே வருகிறது. எல்லாம் சரி. ஆனால் அவர் கேட்டது அதை இல்லையே.

அடுத்து வந்தது தை அமாவாசை. வாழையிலையில் படையலைப் போட்டு, மாமனார் படத்துக்கும் தன் அப்பா படத்துக்கும் முன்னால் வைத்து, விளக்கேற்றினார். சன்னல் மூடியிருந்தது. வழக்கமான நேரத்துக்குக் காக்கை வந்துவிட்டது. வெளி விளிம்பில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, மூக்கால் கண்ணாடியை இரண்டு தட்டு தட்டியது. மாமியார் எழுந்துபோய்ச் சன்னலருகே நின்று, "உள்ளேதான் வெச்சிருக்கேன்பா, மனசால சாப்பிடு" என்றார். அப்புறம் அந்த இலைச் சோற்றை நாங்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு பிடி சாப்பிட்டோம். இப்போது அதுதான் வழக்கம். சிலர் அன்றைக்குக் கோயில் அன்னதானத்துக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். அதுவும் நல்ல வழிதான்.

"அப்ப கணுப்பிடி?"

மாட்டுப்பொங்கல் காலையில் அண்ணன் தம்பிகள் நல்லா இருக்கணும் என்று மஞ்சள் இலையில் கலர் கலராகச் சோற்று உருண்டை வைத்து, காக்கைக் கூட்டம்போல் எங்கள் கூட்டம் கலையாதிருக்க என்று வேண்டிக்கொள்வோமே, அதுதான். மேலே சொன்ன சட்டம் இதற்கும் பொருந்தும். மொட்டைமாடி, புல்வெளி, பூங்கா எதுவும் உதவாது. நாங்கள் தட்டில் இலை பரப்பி வீட்டுக்குள்ளேயே வைக்கிறோம். மஞ்சள் கொத்து தேக்கா சந்தையில் கிடைக்கும். வேண்டுதல் முடிந்ததும் உருண்டைகளைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட முதலில் கை கூசியது. இப்போது ஒவ்வொரு நிறத்திலும் ஒரே ஒரு சின்ன உருண்டை, நெல்லிக்காயளவு. வீணாவதும் குறைவு.

"அரிசி மாவுக் கோலம் போடலாமா? எறும்புக்கு அன்னதானம்னு சொல்வாங்களே."

கோலம் போடுங்கள், எறும்பை அழைக்காதீர்கள். சாரல் அடித்தால் மாவு கரைந்து பக்கத்து வீட்டு வாசலுக்கு ஓடும், எறும்பும் அங்கேதான் போகும். எதிர்வீட்டுச் சீனப் பாட்டி ஒன்றும் சொல்லாமல் ஒருநாள் எங்கள் வாசலையும் சேர்த்துத் துடைத்துவிட்டார். அதற்குமேல் வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் மார்கழி முழுக்கச் சுண்ணாம்புக் கட்டியில் போடுகிறேன். பொங்கலன்று மட்டும் மாவு, அதுவும் மத்தியானத்துக்குள் துடைத்துவிடுவேன்.

"வீட்டுல பல்லி நிறைய இருக்கு, என்ன மருந்து அடிக்கலாம்?"

எதுவும் அடிக்காதீர்கள். மழைக்காலத்துக் கொசுவை அது தின்கிறது. எந்தத் திசையில் சத்தம் போட்டால் என்ன பலன் என்பதற்கு மாமியாரைத்தான் கேட்க வேண்டும்.

"விடியக்காலை நாலரைக்கே குயில் கத்துது. அதை ஏதாவது செய்ய முடியுமா?"

முடியாது. ஊரில் குயில் கூவினால் கவிதை, இங்கே புகார். எங்கள் பக்கம் ஜனவரி முடிவதற்குள் கச்சேரி தொடங்கிவிடும். காக்கைக் கூட்டில்தான் அது முட்டையிடும். ஆக, காக்கை இருக்கும்வரை குயிலும் இருக்கும்.

அந்தக் காக்கை வந்த கதை தெரியுமா? 1890களில் மலாயாவின் கிள்ளான் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் புழுத் தொல்லை. புழுவைத் தின்ன இலங்கையிலிருந்து காக்கைகளைப் பிடித்துக் கப்பலில் கொண்டுவந்தார்கள். தோட்ட வேலைக்கு என்று கடல் தாண்டி வந்து, வேலை முடிந்தபின் திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கிவிட்ட கூட்டம். இதைச் சொன்னபோது மாமியார் சொன்னது: "பின்ன, எங்கப்பாவைத்தானே சொன்னேன்."

"கால்வாயில மலைப்பாம்பு கிடக்கு! யாரைக் கூப்பிடணும்?"

முதலில் நாயைத் தூக்குங்கள், அப்புறம் போன். தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண் 1800-476-1600, எந்நேரமும் எடுப்பார்கள். ஏக்கர்ஸ் என்ற விலங்குநல அமைப்பின் மீட்பு எண் 9783 7782. இரண்டையும் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள்.

ஆனால் கால்வாயில் தன்பாட்டுக்குப் போகிற மலைப்பாம்புக்கு யாரையும் கூப்பிடத் தேவையில்லை. கால்வாய்தான் அதற்குச் சாலை. அடைமழையில் தண்ணீர் ஏறும்போது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். அதற்கு விஷம் கிடையாது. எலியைப் பிடிப்பதில் பூனையைவிடக் கெட்டிக்காரன். மாடிப்படியிலோ, வீட்டுக்குள்ளோ, அடிபட்டோ இருந்தால் கூப்பிடுங்கள். அவர்கள் வரும்வரை தூர நின்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். துடைப்பக்கட்டையால் தள்ளுகிற வீரம் வேண்டாம். படம் எடுத்து நிற்கும் கருப்புப் பாம்பு என்றால் இன்னும் தள்ளிப் போங்கள். இங்குள்ள நாகம் விஷத்தைத் துப்பும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

"பெரிய உடும்பு ஒண்ணு கீழே வெயில் காயுது. கடிக்குமா?"

சீண்டினால் கடிக்கும், வாலாலும் அடிக்கும். சீண்டாவிட்டால் அதற்கு உங்கள்மேல் எந்த அக்கறையும் இல்லை. நாலு நாள் மழைக்குப்பின் வெயில் வந்தால் நாமும் அப்படித்தானே படுத்துக்கிடப்போம்? நாய் வாரைப் பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

"தாழ்வாரத்துல கலர் கலரா ஒரு குருவி மயங்கிக் கிடக்கு. தண்ணி குடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். எங்களுக்கு ஒரு நவம்பர் காலையில் இப்படி நடந்தது. மின்தூக்கிக்கு எதிரே, பச்சை முதுகும், பளிச்சென்ற நீல இறக்கையும், வாலடியில் குங்குமச் சிவப்பும், கண்ணுக்குக் கருப்பு மை தீட்டியதுபோல் பட்டையுமாக ஒரு பறவை. உள்ளங்கையில் எடுத்தால் எடையே இல்லை, இதயம் மட்டும் படபடவென்று தட்டுகிறது. ஊரில் ஆறுமணிக்குருவி என்போமே, அதன் உறவு. வடக்கே குளிர் தொடங்கியதும் தெற்கே வருவது. இரவில் பறக்கும், கட்டட விளக்கிலும் கண்ணாடியிலும் குழம்பி மோதிவிடும். அக்டோபர், நவம்பரில் இது அடிக்கடி நடக்கும்.

காற்றுத்துளை போட்ட செருப்புப் பெட்டியில் ஒரு துணி விரித்து, மெல்ல வைத்து, மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். பிள்ளைகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கக் கூடாது. பூனைகளை வேறு அறையில் பூட்டுங்கள். மேலே கொடுத்த எண்களில் ஒன்றைக் கூப்பிடுங்கள். எங்கள் குருவி, ஆள் வருவதற்குள் பெட்டிக்குள் எழுந்து குதிக்கத் தொடங்கிவிட்டது.

"பிள்ளைங்களுக்கு லீவு. மிருகம், பறவை பாக்க எங்க கூட்டிட்டுப் போறது? பணம் கட்டுற இடம் வேண்டாம்."

சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம். கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி 925 பேருந்து, நுழைவு இலவசம். செப்டம்பர் முதல் மார்ச் வரை சைபீரியப் பக்கத்திலிருந்தெல்லாம் பவளக்காலியும் உப்புக்கொத்தியும் வந்து சேற்றில் மேயும். கோடியக்கரை போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். கடல் வற்றும் நேரத்தில் சேற்றில் பரவி மேயும், ஏறும் நேரத்தில் கரையோரம் கூட்டமாக ஒதுங்கும். கிளம்புமுன் அலை நேரம் பாருங்கள். பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தால் உவர்நீர் முதலைகூடத் தெரியலாம். எட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாடு பார்க்க வேண்டுமென்றால் பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியா. மாட்டையும் கன்றையும் அங்கே கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஒரு காலத்தில் மாட்டு வியாபாரம் நடந்த இடம்தான் அது. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்ற பெயர்கள் இன்னும் மிச்சம். கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. என் மகள் முதல்முதலாக மாட்டைத் தொட்டது அங்கேதான். "சூடா இருக்கும்மா" என்றாள்.

"காட்டுக்கோழிக் குஞ்சு தனியா நிக்குது. மழை வேற. எடுத்து வளர்த்தா புண்ணியம்தானே?"

காட்டுயிரைப் பிடிப்பதும் வீட்டில் வைத்துக்கொள்வதும் காக்கைக் கேள்வியில் சொன்ன அதே சட்டப்படி குற்றம். அதைவிட, அது பெரும்பாலும் அனாதை அல்ல. தாய் புதருக்குள் நின்று, நீங்கள் எப்போது போவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

போன ஜனவரியில் என் மகன் இப்படி ஒன்றை, குருவிக்குப் பயன்பட்ட அதே செருப்புப் பெட்டியில் போட்டுக்கொண்டு மாடியேறி வந்துவிட்டான். நெஞ்சில் அணைத்துக்கொண்டு தர மாட்டேன் என்று அழுகை. மாமியார் குடையை எடுத்துக்கொண்டு, அவனையும் பெட்டியையும் கீழே கூட்டிப்போனார். எந்தப் புதரடியில் எடுத்தாய் என்று கேட்டு, அதே இடத்தில் வைக்கச் சொன்னார். "கம்பத்துல எத்தனை கோழி வளர்த்திருக்கேன், கத்துச்சுன்னா ஆத்தா வந்துரும்" என்றார். இரண்டு பேரும் மின்தூக்கித் தளத்தில் நனைந்தபடி நின்றார்கள். இருபது நிமிடம். புதர் அசைந்தது, ஒரு பழுப்புக் கோழி வெளியே வந்தது, குஞ்சு அதன் வயிற்றுக்கு அடியில் போய்விட்டது.

பெட்டி செருப்பு அலமாரிமேல்தான் இருக்கிறது. அதில் இன்னும் இரண்டு துளை போட்டுத் தயாராக வைத்திருக்கிறான்.